எல் போர்டு ஒட்டிய துபாய் டிரைவர்

திருவட்டாறு பெருமாளைக் கும்பிட்டுவிட்டு நாகர்கோவில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு கார்ல எல் போர்டு ஒட்டியிருக்காரு, ஏட்டி."

"துபாய்ல இருவது வருஷம் வண்டி ஓட்டுன மனுசனா? வெயிலு மண்டையில ஏறிட்டோ?"

"இது புது கரண்டு காருல்லா. பழைய வண்டி நெனப்புல மிதிச்சாரு, பாஞ்சிட்டு. மயிலாடியில ரோட்டோரம் சிலை கொத்திட்டு இருந்த ஆளுக்கு ஒரு சாண் முன்னால போய் நின்னுது. வண்டிக்குச் சத்தமே கெடையாது. அந்த ஆளு திரும்பிக்கூட பாக்கல."

"பெறவு?"

"எங்க வீட்டுக்காரரு இறங்கிப்போய் அந்த ஆளுக்க கையைப் புடிச்சு மன்னிப்பு கேட்டாரு. மறுநாளே டிரைவிங் ஸ்கூல்ல காலேஜ் பிள்ளைகளுக்க கூடப் போய் உக்காந்துட்டாரு."

"ஊரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும்னுட்டாரு. 'அந்த ஆளுக்க வீட்டுல யாரும் அழாம இருந்தா போதும்'னாரு."

கேட்ட எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் தோழி மெதுவாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுலயும் அதே காரு புக் பண்ணியிருக்கு. அந்த டிரைவிங் ஸ்கூல்ல ஒரு இடம் சொல்லி வையி."

"ஒனக்க மாப்பிள்ளை வருவாராட்டி?"

"வருவாரு. படிச்சு முடிக்குத வரைக்கும் சாவி எனக்க கையிலதான்."

பெருமாளே, அப்படியே நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.