மூன்று தட்டு

"கீழேயிருந்து நான் என்ன பேசினாலும் நம்பாத," என்றான் பஹூஸ்.

"மேல இருக்கும்போது மட்டும் நம்புற மாதிரியா பேசுற?" என்றாள் மெபார்கா.

அவன் சிரித்துவிட்டான். ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்துக்கொண்டே சொன்னான். "இல்லடி. சுரங்கத்துக்குள்ள குரல் திரிஞ்சு போயிரும். தட்டுறத மட்டும் கேளு. கல்லால ரெண்டு தட்டு தட்டினா நல்லா இருக்கேன். மூணு தட்டினா..."

"மேல இழுக்கணும். கல்யாணம் பண்ணி இத்தன வருஷமாச்சு. இது கூடத் தெரியாதா எனக்கு?"

அவர்கள் கடைசியாகப் பேசியது இதுதான். இன்னும் ஒரு பேச்சு அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். தண்ணீர்ச் சுரங்கத்தில் மண் அள்ள இறங்குகிறவனின் மனைவி அவனைத் தடுத்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது... சொன்னால் மண் கேட்டு அவனை வைத்துக்கொள்ளும் என்று அந்த ஊரில் ஒரு பயம்.

கிட்ட வந்து உட்காருங்கள். தேநீர் இன்னொரு கொதி வரட்டும். இந்த மெபார்கா நம் ரஷீதாவின் சின்னம்மா. சந்தேகம் இருந்தால் ரஷீதா இதோ இருக்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சுக்கு வெகுநாள் கழித்து, ஓர் அந்திப் பொழுது. தொழுகை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிவிட்ட நேரம். திமிமூனுக்குத் தெற்கே, பேரீச்சந்தோப்பைத் தாண்டி மேட்டுக்கு ஒரு மணல் பாதை போகிறது. அந்தப் பாதையில் மெபார்கா தனியாக நடந்தாள். தோளில் கடப்பாரை. இரண்டு பக்கமும் காய்ந்த மரங்கள்... காற்றில் மட்டைகள் உரசின. எலும்போடு எலும்பு உரசுகிற சத்தம்.

மேட்டின் மேல் அந்த இயந்திரம் இருந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் 'காது'.

வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சுரங்க வாய்க்காலுக்குள் வேலை செய்கிறவர்களின் பேச்சைக் கேட்டு, அவர்கள் குரலிலேயே மேலே சொல்லும். இனிக் கல்லைத் தட்டிக் கஷ்டப்பட வேண்டாம், இதை நம்புங்கள் என்றார்கள். அது போடும் இரைச்சலில் தட்டினாலும் கேட்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பஹூஸ் இறங்கிய அன்று உள்ளே மண் சரிந்தது. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவனுடைய அண்ணன் கத்தூர். கயிறு வெறுமையாக ஆடியது. பதறிப்போய்க் காதிடம் கேட்டான். பஹூஸின் குரல் வந்தது, தெளிவாக, நிதானமாக.

"நான் நல்லா இருக்கேன். வேற வழியா ஏறி வரேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

கத்தூர் கயிற்றைச் சுருட்டிக் காது இருந்த அறையின் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

பஹூஸ் வரவில்லை. மறுநாள் தோண்டினார்கள். மணல் சரிந்து சரிந்து மூடியது. உடல் கிடைக்கவில்லை. ஆனால் குரல்... அது மட்டும் நிற்கவேயில்லை. ஒவ்வொரு மாலையும் காது அவன் குரலில் பேசியது. கொண்டுவந்தவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. பகல் வெயிலைத் தின்று சேர்த்துவைத்துக்கொண்டு அது இரவிலும் ஓடியது. அது உறிஞ்ச உறிஞ்ச, முன்னோர் வெட்டிய வாய்க்கால் வற்றியது. தோப்பு செத்தது. அதை நிறுத்தலாம் என்று யார் போனாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும். போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

மெபார்காவும் அப்படித்தான் திரும்பினாள். எத்தனையோ முறை. தட்டுவதை மட்டும் கேள் என்று அவன் சொன்னது மறக்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அதுவும் உண்மை.

முந்தின நாள் அவள் மகள் ஹூரியாவைக் காணவில்லை. தேடி ஓடியபோது குழந்தை சுரங்கக் கிணற்றின் வாயில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் உள்ளே தொங்கின.

"அப்பா கூப்பிட்டாரும்மா. கீழ குளுகுளுன்னு இருக்காம்," என்றாள்.

அதனால்தான் கடப்பாரை.

காது இருந்த அறை வாசலில் கத்தூர் நின்றான். தம்பி குரலுக்குக் காவலாக அவன் அங்கேயே படுத்துக்கிடந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. முதலில் அதட்டினான். பிறகு கெஞ்சினான். அவனுக்கென்று இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான், அதையும் பிடுங்காதே என்றான். உள்ளே சூடான கம்பியின் வாசனை. ம்ம்ம்ம் என்று ஒரே இரைச்சல்.

அப்போது காது பேசியது.

"அண்ணே... அவளை நிறுத்துங்க அண்ணே."

மெபார்கா கத்தூரைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவர் உங்கள என்னைக்காவது அண்ணேன்னு கூப்பிட்டிருக்காரா?"

பஹூஸ் கத்தூரை ஒருநாளும் அண்ணே என்றதில்லை. பெருநாள் விருந்தில், பெரியவர்கள் முன்னால்கூட 'நொண்டி ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவான். அடி வாங்கியும் விட்டதில்லை. செத்த பிறகாவது மரியாதை கற்றுக்கொண்டானே என்று கத்தூர் இத்தனை நாள் உள்ளுக்குள் மகிழ்ந்திருந்தான்.

"பஹூஸ்," என்றான் சுவரைப் பார்த்து. "என்னை நீ எப்படிடா கூப்பிடுவ?"

இரைச்சல்.

"அண்ணே..." என்றது.

கத்தூர் வாசலை விட்டு விலகினான்.

அவள் அடித்தாள். முதல் அடியில் அது அவள் பெயரைச் சொன்னது. அடுத்த அடியில் ஹூரியாவின் பெயரை. அவள் அழுதுகொண்டே அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது, கம்பி கருகியது, குரல் குழறியது. கடைசியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. நான் நல்லா இருக்கேன்... வீட்டுக்குப் போங்க... நான் நல்லா...

நின்றது.

அப்படி ஓர் அமைதியை அந்த ஊர் மறந்தே போயிருந்தது.

தண்ணீர் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். பங்கு பிரிக்கும் கல் சீப்பில் பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. தோப்பு தழைத்தது. ஊரை விட்டுப் போனவர்கள் கழுதையோடும் கட்டிலோடும் திரும்பினார்கள். இப்போது நீங்கள் குடிக்கிறீர்களே, இந்தத் தேநீர், இது அந்தத் தண்ணீர்தான்.

ஆனால் அன்றைக்கு, இயந்திரம் நின்ற அந்தக் கணத்தில், இருவரும் அறைக்கு வெளியே, பஹூஸ் இறங்கிய கிணற்று வாயில் குனிந்து நின்றார்கள். கீழேயிருந்து ஈரக் களிமண் வாசனை ஏறி வந்தது. எங்கோ ஆழத்தில் தண்ணீர் கசிந்து சேரும் சத்தம். மெபார்கா கத்தூரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் அது கேட்டது.

டக்.

கல்லின் மேல் கல்.

டக்... டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக்... டக்... டக். அவசரமில்லை. நெடுங்காலமாகத் தட்டித் தட்டிப் பழகிப்போன கை மாதிரி.

கத்தூர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். நான் கயிற்றைச் சுருட்டினேனே, சுருட்டினேனே என்று முணுமுணுத்தான். அப்போதும் இது தட்டிக்கொண்டுதானே இருந்திருக்கும்... அந்த இரைச்சலுக்கு அடியில்.

மெபார்கா சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்துக் கிணற்றுக்குள் விட்டாள். அது தண்ணீரைத் தொட்டது. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கயிறு தொளதொளவென்று ஆடியது.

பிறகு யாரோ பிடித்த மாதிரி கனத்தது.

அவள் இழுத்தாள். வரவில்லை. கத்தூரும் எழுந்து வந்து பிடித்தான். கயிறு மேலே வரவில்லை. கீழே போனது... கொஞ்சம் கொஞ்சமாக, கைமாற்றிக் கைமாற்றி, வேலைக்குப் போகிறவன் காலையில் இறங்குகிற அதே தாளத்தில். உள்ளங்கை எரிந்தது. விடவில்லை.

அவள் கிணற்று வாயில் முகம் குப்புறப் படுத்து, அன்றைக்கு விழுங்கிய சொல்லைச் சொன்னாள். மண் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

"பஹூஸ்... இன்னைக்கு மட்டும் இறங்காதயேன்."