தண்ணிக்கு அடியில துடிச்ச கோடு

மத்தியானம் ரெண்டு மணி... ஏய், சிரிக்காதே. பேய்னா ராத்திரிதான் வரணும்னு அதுக்கு யாரு ஷிப்ட் போட்டுக் குடுத்தா? நெருங்கி உட்காருங்க. நடுவுல எவளாவது 'அய்யய்யோ'ன்னா அத்தோட நிறுத்திடுவேன்.

மத்தியானம் ரெண்டு மணி. ஏரிக்கரை ரோடு. ஈ காக்கா இல்ல. ஓரமா ஒரு வேன் நிக்குது. உள்ள என் சிநேகிதியோட பெரியப்பா. அவர் முன்னாடி ஒரு கம்ப்யூட்டர், வீட்ல வச்சிருப்பாங்களே, அதே சாதாரணப் பெட்டி. விர்ர்ர்னு ஃபேன் சத்தம்... சூடான பிளாஸ்டிக் வாசனை.

அவர் வேலை என்னன்னா... தண்ணிக்குள்ள இறங்கறவங்க நெஞ்சுல ஒரு பெல்ட் கட்டுவாங்க. அதுலேர்ந்து வேனுக்கு ஒயர் வரும். உள்ள இதயம் துடிக்கிறது அந்த நொடியே இவர் ஸ்கிரீன்ல கோடா ஓடும், நிமிஷத்துக்கு எத்தனை துடிப்புன்னு பக்கத்துலயே நம்பரும் வரும். அன்னிக்கு இறங்கினது அவரோட மச்சினன். பெரியம்மா தூக்கி வளர்த்த ஒரே தம்பி. வீட்ல எல்லாருக்கும் அவன் 'தவளை'. ஏரிக்கு அடியில குழாய் வாயில இருக்கிற கம்பி வலையில குப்பை அடைச்சிருந்துச்சு, அதை எடுக்கணும். "என் தம்பி உங்க பொறுப்பு"ன்னு பெரியம்மா காலையில சொல்லித்தான் அனுப்பினாங்க.

இந்த மனுஷன் பண்ணின காரியத்தைக் கேளுங்க. ஒயர் ஆடினா சிக்னல் விட்டு விட்டு வரும், கோடு அறுந்து அறுந்து தெரியும். அதுக்கு ஆபீசர் வள்ளுன்னு விழுவாராம். அதனால இவர் புரோகிராம்ல ஒரு வேலை செஞ்சு வச்சிருந்தார். சிக்னல் போனா, கடைசியா வந்த துடிப்பையே திரும்பத் திரும்பப் போட்டு இடைவெளியை ரொப்பிடும். பாக்க அழகா இருக்கும். அழகாம் அழகு!

எழுபத்தெட்டு... எழுபத்தெட்டு... எழுபத்தெட்டு. அவரும் நிம்மதியா பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவருக்கு உறைச்சுது. மூச்சு வாங்க வேலை செய்யறவன் நெஞ்சு எப்படி ஒரே நம்பர்ல நிக்கும்?

"கயித்தை இழு!"ன்னு கத்திட்டே ஓடினார். அவன் இடுப்புல கட்டியிருந்த கயித்தைக் கரையில பிடிச்சிருந்த ரெண்டு பேரும் இழுத்தாங்க. தவளை வந்தான்... உடம்பெல்லாம் நீலம் பாரிச்சு. நெஞ்சுல பெல்ட் இல்ல. வலையில மாட்டி, அறுந்து, அடியிலேயே தங்கிடுச்சு. புரட்டிப் போட்டு அமுக்கினாங்க. ரொம்ப நேரம்... ஒண்ணுமில்ல. அப்புறம்... லொக். லொக் லொக். எழுந்து உட்கார்ந்துட்டான்! "என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"ன்னு கேட்டானாம்.

பெரியப்பா அழுதுட்டே வேனுக்கு வந்தார், மெஷினை நிறுத்தலாம்னு. ஸ்கிரீன்ல கோடு ஓடுது. தொண்ணூறு... நூத்திப்பத்து... சரி, நம்ம புரோகிராம்தான் புளுகுதுன்னு அந்த ரொப்புற வேலையை மட்டும் நிறுத்தினார். கோடு நிக்கல. வெளியில தவளை இருமறான், இங்க கோடு துள்ளுது. அவன் தண்ணி குடிக்கறான், கோடு அடங்குது. ஒயரோட இன்னொரு முனை இன்னும் ஏரிக்கு அடியில... அந்த வெறும் பெல்ட்லதான் இருக்கு.

டிரைவர் வந்து மெஷினை அணைக்க சுவிட்சுல கை வச்சான். "தொடாதே!"ன்னு பெரியப்பா போட்ட சத்தத்துல அவன் குதிச்சு ஓடியே போயிட்டான்.

அதுக்குள்ள சேதி கேட்டு பெரியம்மா ஓடி வந்தாங்க. தம்பியைக் கட்டிப் பிடிச்சு ஓன்னு அழுதாங்க. டக்குன்னு... அழுகை நின்னுச்சு. அவன் நெஞ்சுல காதை வச்சாங்க. மறுபடியும் வச்சாங்க. உள்ள துடிப்பே கேக்கல. நேரா வேனுக்கு வந்து புருஷன் மூஞ்சியைப் பார்த்தாங்க. அவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார்.

பெத்தவ மாதிரி வளர்த்தவங்க இல்லியா, பாவம்... அந்தக் கோட்டு மேல மெதுவா உள்ளங்கைய வச்சாங்க.

கரையில முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தவளை திரும்பிக்கூடப் பார்க்கல.

"அக்கா... கைய எடு. நெஞ்சு அழுத்துது."