கயத்தாறு பார்சலில் ஒட்டிய கப்பல் லேபிள்

என் பெயர் தெரசம்மாள், வயது 74, காலஞ்சென்ற சூசைமரியான் அவர்களின் மனைவி. கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். தூத்துக்குடியில் கான்வென்ட்டில் பள்ளி இறுதி வரை படித்தேன்.

பார்சலுக்குள் தீப்பெட்டிப் பண்டலை மறைத்து வைத்து நான் ரயிலில் அனுப்பியதாக எங்கள் பகுதியில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. பார்சலுக்குள் நான் எதையும் வைக்கவில்லை. பார்சலின் மேல் தீப்பெட்டி லேபிள் ஒட்டச் சொன்னேன். இரண்டும் வேறு.

என் வீட்டுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் என் கணவர் முப்பத்தொரு ஆண்டுகள் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்தினார். அவர் இறந்த பிறகு அது மூடப்பட்டு, 2023 முதல் ஒரு பார்சல் நிறுவனத்துக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. மதுரையிலிருந்து காலை ஆறு மணிக்கு லாரியில் வரும் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து வண்டிகளில் அனுப்புவது அங்கு நடக்கும் வேலை. கிளை மேலாளர் திரு. கோகுலகிருஷ்ணன். பிரிக்கும் ஆறு பெண்களில் நால்வர் எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் மூத்தவர் வேலுத்தாய், வயது 53.

சென்ற தீபாவளிச் சமயத்தில் பார்சல்கள் மூன்று மடங்கு வந்தன. ஸ்டிக்கரில் முகவரி பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததாலும், எட்டயபுரத்துக்கும் கயத்தாறுக்கும் பின்கோடு ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்ததாலும், பார்சல்கள் ஊர் மாறிப் போய் மாலையில் திரும்பி வந்தன. மேலாளர் பெண்களைச் சத்தம் போடுவது என் சமையலறை வரை கேட்டது. அதன் பிறகு நான் உள்ளே சென்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஆறு பேரும் ஒவ்வொரு பார்சலையும் படிக்க வேண்டியிருந்தது. கோளாறு அந்த ஏற்பாட்டில் இருந்தது, பெண்களிடம் இல்லை.

அதன் பிறகு பரணில் மிச்சமிருந்த எங்கள் பழைய தீப்பெட்டி லேபிள் கட்டுகளை எடுத்துச் சென்றேன். கழுகுமலைக்குக் கிளி, கயத்தாறுக்குக் கப்பல், எட்டயபுரத்துக்கு அன்னாசி, டவுனுக்கு மணி என்று வைத்து, அந்தந்த ஊர்ப் பார்சலைப் போடும் கம்பிக் கூண்டின் மேல் அதே படத்தைப் பெரிதாக நானே வரைந்து மாட்டினேன். எண்ணை வேகமாகப் படிக்கும் வேலுத்தாய் மட்டும் பின்கோடு பார்த்து லேபிள் ஒட்டுவது, மற்றவர்கள் படத்தைப் பார்த்துக் கூண்டில் போடுவது என்று ஏற்பாடு. மேலாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார். வேலுத்தாய், "மொதலாளியம்மா, நம்பருதான் கண்ணக் கட்டுது. கிளி எங்க கெடந்தாலும் இவளுவ பாத்துருவாளுவ" என்றார். பன்னிரண்டு மணி வரை இழுத்த வேலை ஒன்பதரைக்கு முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு பார்சல்கூட ஊர் மாறவில்லை. வனிதா என்ற பெண் தள்ளுவண்டியுடன் வரும்போதெல்லாம், "கடலே இல்லாத கயத்தாறுக்குக் கப்பல் போகுது, வழிய விடுங்கட்டி" என்பார். நான் தினமும் ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டு அங்கு செல்வது வழக்கமாயிற்று.

லேபிளில் படத்துக்குக் கீழே 'தீக்குச்சிகள் 50' என்று அச்சாகியிருக்கும். அதை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஒட்ட வேண்டும் என்பது நான் வைத்த விதி. 17.02.2025 திங்கட்கிழமை லாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. வேலுத்தாய் கத்தரிக்கோலை எடுத்தபோது, "இன்னைக்கு வெட்ட வேண்டாம், முழுசா ஒட்டு" என்று சொன்னவள் நான். "எழுத்து தெரியுமேம்மா" என்று அவர் கேட்டார். "யாரு படிக்கப் போறா" என்றேன். வாங்கியவர்கள் பொருளைத் திருப்பி அனுப்பினால் அதே உறையில்தான் அனுப்புவார்கள், அதை நிறுவனம் ரயிலில் ஏற்றும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு 19.02.2025 அன்று, கயத்தாறிலிருந்து திரும்பி வந்த சேலைப் பார்சல் ஒன்று கப்பல் லேபிளுடன் ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்துக்குச் சென்றது. அங்குள்ள எழுத்தர் சோலைராஜ் அதைப் படித்துவிட்டு, "சேலைன்னு எழுதிட்டுத் தீப்பெட்டியவா அனுப்புதீங்க, அண்ணாச்சி?" என்று டிரைவரிடம் கேட்டு, நிறுவனத்தின் பன்னிரண்டு மூட்டைகளையும் நிறுத்திவைத்து, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். பிரித்துப் பார்த்ததில் மாம்பழ நிறச் சேலை ஒன்று இருந்தது. தீப்பெட்டி ரயில் பார்சலில் அனுப்பக் கூடாத பொருள், சோலைராஜ் செய்தது சரி. இந்த ஊரில் இருந்துகொண்டு அவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால்தான் தவறு.

அன்று மாலையே, லேபிள் ஒட்டியவர் என்பதால், காவல்துறை எழுத்துமூலம் தெரிவிக்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று வேலுத்தாயிடம் மேலாளர் சொல்லிவிட்டார். ஒட்டச் சொன்னது யார் என்று அவர் கேட்டதற்கு வேலுத்தாய் என் பெயரைச் சொல்லவில்லை. "அவிய பேரு எதுக்கு ஸ்டேஷன்ல" என்று வனிதாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் பார்சல் பிரித்து முடிய மதியம் பன்னிரண்டே கால் ஆனது.

ஆகவே யாரும் அழைக்காமல் இன்று 21.02.2025 நானே ஆட்டோவில் காவல் நிலையத்துக்கு வந்தேன். எழுத்தில்லாத வெறும் தாளில் அதே நான்கு படங்களையும் வரைந்து நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஒரு செட் இத்துடன் கொடுத்துள்ளேன்.

தலைமைக் காவலர் காளீஸ்வரன் இதை எழுதினார். என் வயதை 70 என்று எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். முழுவதையும் கண்ணாடி போட்டு நானே வாசித்தேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, நான் சொன்னது அனைத்தும் நடந்தவை.

பார்சல்களில் தீப்பற்றும் பொருள் எதுவும் இல்லை என்றும், வேலுத்தாய் மீது வழக்கு ஏதும் இல்லை என்றும் அவர் பெயரைக் குறிப்பிட்டுப் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன். மேலாளரின் வாய்மொழிச் சம்மதம் வேலுத்தாய்க்கு உதவவில்லை. எனவே பதிலை எழுத்தில் தரவும்.

(ஒப்பம்) சூ. தெரசம்மாள்