தொப்பியைக் கழற்றினால் குடிசை காலி

எங்கள் ஊரில் ஒரு நல்ல சட்டை தைத்துக்கொள்வது எவ்வளவு பாடு என்பது ஸ்பெயினில், செவில் நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மன்னரின் கப்பல்கள் வருஷத்துக்கு ஒருமுறை வரும். சில வருஷம் அதுவும் இல்லை. பெரிய துறைமுகங்களில் நல்லதையெல்லாம் இறக்கிவிட்டு மிச்சம் மீதியைத்தான் இந்த முத்துக்கரைக்கு அனுப்புவார்கள். ஆணி கேட்டால் துருப்பிடித்த ஆணி. திராட்சை ரசம் கேட்டால் காடி. இங்கிலீஷ்காரன் கொண்டுவருவது நல்ல சரக்கு. ஆப்பிரிக்காவில், கினியாக் கரையில் அடிமைகளாகப் பிடித்த ஆட்களும் அதில் உண்டு. அவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

அவனிடம் வாங்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் தூக்கு. நாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள், ஐயா. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டு, தோற்று, அதன் பிறகு வாங்கினோம்.

ஏற்பாடு சுலபம். சான் தெல்மோ துறைமுகத்துக்கு நான்தான் பொறுப்பு. கப்பல் தெரிந்ததும் படகில் போய் அவர்கள் தலைவனிடம் பேசி முடித்துவிடுவேன். அவர்கள் உப்பளத்தின்மேல் இரண்டு குண்டு போடுவார்கள். நாங்கள் கடல் தண்ணீரில் ஒன்று போடுவோம். பெண்கள் அலறிக்கொண்டு மலைக்கு ஓடுவார்கள். சிரிப்பு வந்துவிடாமல் முக்காட்டைக் கடித்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் கரையேறி, ஊர் ஓரத்தில் ஒரு குடிசையைக் கொளுத்துவார்கள். அதற்கு முன் நான் குடிசைக்கு எதிரே நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். இது எனக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த அடையாளம். பிறகு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு போய், ஊரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் வியாபாரத்துக்குச் சம்மதித்தோம் என்போம். அது முடியும்வரை அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கள் ஊரில் பிணை, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவர்கள் கப்பலில். ஒருவரை ஒருவர் ஏமாற்றியதில்லை.

உங்களுக்கு முன்பு சான்டோ டொமிங்கோவிலிருந்து வந்த விசாரணை அதிகாரி விவரமானவர். எரிந்த குடிசைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மூணு தடவ ஊரத் தாக்கியிருக்கான், ஒருத்தனுக்கும் கீறல்கூட இல்ல. எங்க பக்கம் கல்யாண வீட்லயே இதவிட அடி விழும்," என்றார்.

அடுத்த முறையும் இதே கதை வந்தால் முதலில் நகரத் தலைவருக்கு, அடுத்து எனக்குக் கயிறு என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். ஊரில் பலருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான்தான் நிதானமாக யோசித்தேன். அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கு ஒரு பிணம் வேண்டும்.

யாரை என்பதில் நான் அவசரப்படவில்லை. அடிமை ஒருவன் போதுமா என்று முதலில் நினைத்தேன். அது சாவு என்று எடுபடாது, பொருள் நட்டம் என்றுதான் எழுதுவார்கள். குடும்பஸ்தன் வேண்டாம், பாவம். கடைசியில் ஃபெர்மின் மட்டும் மிஞ்சினான். எங்கள் ஊரின் ஒரே பீரங்கிக்கு அவன்தான் ஆள். ஒரு கால் ஊனம், மனைவி மக்கள் இல்லை, வாய் ஓயாது. இருபது வருஷமாக என் நண்பன். அவன்மேல் எனக்குக் கோபம் ஏதும் கிடையாது. அவன் வாயைத் திறந்தால் என் மனைவி ஹசிந்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். அதைக்கூட நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

கப்பல் வந்த அன்று அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"ஏன்டா பெல்த்ரான், குண்ட இந்தத் தடவ கொஞ்சம் கிட்டப் போடட்டுமா? அவனுங்க சட்டையாவது நனையட்டும்," என்றான்.

போடு என்றேன். போட்டான். எல்லாரும் மலைக்கு ஓடிய பிறகு, அவனை ஊர் ஓரத்தில் வலை வைக்கும் குடிசைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து ஒரு ஜாடி திராட்சை ரசம் கொடுத்தேன். பீரங்கி பக்கத்தில் இருந்தால் இங்கிலீஷ்காரன் சந்தேகப்படுவான் என்று ஏதோ சொன்னேன்.

"சீக்கிரம் வந்து கூப்புடு. நொண்டிக்கால வச்சுக்கிட்டு நான் எங்க ஓடப்போறேன்," என்றான்.

கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன்.

தீப்பந்தத்தோடு வந்தவன் பெண்டர் என்ற இளைஞன். எங்கள் பாஷை அரைகுறையாகப் பேசுவான், மரியாதை தெரிந்தவன். வழக்கம்போல் தொப்பியைக் கழற்றினேன். அவன் கூரையில் பந்தத்தை வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதே?"

"ஆடு," என்றேன்.

"பாவம், தொறந்து விட்டுரலாமே."

"எரிஞ்சாத்தான் நம்புவாங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காய்ந்த ஓலை, அதிக நேரம் எடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை என்பதுதான் என் எண்ணம். அந்த முறை பிணையாக ஊருக்குள் வந்த இருவரில் பெண்டரும் ஒருவன். மலையிலிருந்து இறங்கிய ஜனம் எரிந்து கிடந்த ஃபெர்மினைப் பார்த்தது. என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவன் ஜெபமாலையோடு வாசலுக்கு வந்தான், திருச்சபையை விட்டுப் போன அந்த இங்கிலீஷ் லூத்தரன்கள் சிரித்துக்கொண்டே உள்ளே தள்ளினார்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கல்லை எடுத்தது நானல்ல. பெண்டரை இழுத்துவந்தபோது அவன் என்னையே பார்த்து, தன் தலையைத் தொட்டுத் தொட்டு, "தொப்பி, தொப்பி" என்றான். பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

பிணையைக் கொன்றது தெரிந்ததும் கப்பலில் இருந்த எங்கள் ஆட்கள் இருவரும் பாய்மரத்தில் தொங்கினார்கள். பிறகு விழுந்த குண்டுகள் உப்பளத்தில் விழவில்லை. பாதி ஊர் போயிற்று. இப்போது பிணையைக் கொல்லும் துரோகிகள் என்று அவர்கள் நாட்டில் நம்மைச் சொல்கிறார்களாம். ஊனமுற்றவனை எரித்த மதத்துரோகிகள் என்று நாம் சொல்கிறோம். அவர்கள் கப்பல்கள் துணிக்குப் பதிலாகப் பீரங்கியோடு வருகின்றன. நம் துறைமுகங்களில் அவர்கள் கப்பல்களைப் பிடித்துவைக்க மன்னர் ஆணையிட்டிருக்கிறார் என்று கேள்வி. மதம் என்கிறார்கள், கடல் யாருக்கு என்கிறார்கள், பொன் என்கிறார்கள். இருக்கலாம். அதெல்லாம் படித்தவர்கள் பேச வேண்டியது.

ஆமாம், தாழ்ப்பாளைப் போட்டவன் நான், கொன்றவன் நான். அதை மறைக்க நான் இங்கே உட்காரவில்லை. என் மனதை உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். ஃபெர்மினைப் புதைத்த அன்று முத்துக்குளிப்பவர்கள் ஒருவரும் கடலில் இறங்கவில்லை. உப்பளத்து அடிமைகள்கூட மண்ணில் மண்டியிட்டு அழுதார்கள். ஹசிந்தா அன்றிலிருந்து என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை. அவனுக்கு இத்தனை பேர் இருந்தார்கள் என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை, ஐயா. சொல்லியிருந்தால் வேறு யாரையாவது பார்த்திருப்பேன்.