நடுப் பாத்தி மண்

— இதுதானே வேலியோரத்து மண்ணு? பார்த்தாலே தெரியுதே. தண்டு முழுக்க அசுவினிப் பூச்சி அப்பிக்கிட்டு இருக்கு.

— தொட்டியைத் தூக்காதே அக்கா. பூச்சி உதிர்ந்துடும்.

— தூக்கலடா, பார்க்கிறேன். திங்கக்கிழமை கேஸ் விசாரணையில இதை அப்படியே கொண்டுபோய் மேஜை மேல வைக்கப் போறேன். அந்த ஆளு வாயைத் திறக்கட்டும், அப்புறம் இருக்கு.

— மாமா எங்கே வாயைத் திறக்கப் போறார்? கல்யாணத்தன்னிக்கே திறந்ததில்ல.

— இன்னும் என்ன மாமா? கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு.

— பழக்கம், வாயில வந்துடுது. நீ உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், பக்கத்துல இருக்கிறதை இழுத்துக்கோ.

— என்னடா இந்த ரூம்ல இப்படி வெக்கை? ஜன்னலைத் திறக்கக் கூடாதா?

— பூச்சிக்கு இந்தச் சூடு வேணும்.

— பூச்சிக்கு இருக்கிற மரியாதை கூடப்பிறந்தவளுக்கு இல்ல. சரி, ஒரே வார்த்தையில சொல்லு. அக்கான்னு பார்க்காதே, மண்ணு பரிசோதிக்கிறவனா சொல்லு. என் மண்ணுல களை மருந்து இருக்கா, இல்லையா?

— இருக்கு.

— நான் சொன்னேனா இல்லையா! மூணு வருஷமா தலையில அடிச்சுக்கிறேன். அந்த ஆளு பக்கத்து வயல்ல அடிக்கிற மருந்து காத்துல வந்து என் கிரீன்ஹவுஸ்ல இறங்குதுன்னு. ஏதோ நான் பழி வாங்கக் கிளம்பிட்ட மாதிரி எல்லாரும் என்னையே பார்த்தீங்க.

— கொஞ்சம் பொறு. நீ பார்த்துக்கிட்டு இருக்கிறது வேலியோரத்து மண்ணு இல்ல. அது உன் நடுப் பாத்தி மண்ணு.

— நடுப் பாத்தியா? அப்போ வேலியோரம்?

— ஜன்னல்கிட்ட இருக்கு பாரு, அது.

— அதுல ஒரு பூச்சிகூட இல்லையே.

— நாலஞ்சு இருக்கும். ஏறும், ருசி பார்க்கும், பிடிக்காம இறங்கிடும். எல்லாச் செடிக்கும் ஒரே விதை, ஒரே தண்ணி, ஒரே அளவு பூச்சி விட்டேன். மண்ணு மட்டும்தான் வேற வேற.

— ஆனா நடுப் பாத்திச் செடிதான் தளதளன்னு நிக்குது. களை மருந்து பட்டிருந்தா கருகியிருக்காதா?

— கருகுற அளவுக்கு இல்ல, ஏதோ மிச்சம் மீதி. தன்னைக் கடிக்கிற பூச்சியைத் துரத்துறதுக்குன்னு செடி உள்ளுக்குள்ள கசப்பா சிலது தயார் பண்ணும். மண்ணுல தங்கின மருந்து வேர் வழியா போய் அந்த வேலையைக் கெடுத்துடுது. வெளியில பார்த்தா ஒரு குறையும் தெரியாது. பூச்சிக்கு மட்டும் தெரியும்.

— எந்த வீட்டுல பூட்டு இல்லைன்னு திருடனுக்குத் தெரியிற மாதிரி.

— அப்படியும் சொல்லலாம்.

— சரி, பலமா காத்து அடிச்சிருக்கும். வேலியைத் தாண்டி நடுவுல போய் விழுந்திருக்கும்.

— வேலிக்கிட்ட ஒரு துளி விழாம நடுவுல மட்டும் எப்படி விழும்? ரெண்டு தடவை பார்த்துட்டேன், அந்த ஓரம் சுத்தம். அவர் உன் பக்கம் பத்தடி விட்டுத்தான் மருந்தே அடிக்கிறார்.

— உனக்கு யார் சொன்னா? அவரா?

— யாரும் சொல்லல. மண்ணு எடுக்க வந்தப்போ கண்ணால பார்த்தேன். அவர் பக்கத்துல வேலி நெடுக களை இடுப்பளவு நிக்குது. நீ பார்த்ததே இல்லையா?

— பார்க்காம என்ன? சோம்பேறித்தனம்னு நெனச்சேன். களை விதை என் பக்கம் பறந்து வருதுன்னு அதுக்கும் தனியா ஒரு புகார் குடுத்திருக்கேன்.

— ம்.

— சிரிக்காதே.

— சிரிக்கல.

— உனக்கென்ன, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நிதானமா பேசுற. இந்தத் தடவையும் தக்காளி போச்சுன்னா நான் கிரீன்ஹவுஸை மூடணும்டா. அவர் அந்த வயல்ல விவசாயமே பண்ணக்கூடாதுன்னு தடை கேட்டிருக்கேன். அது கிடைச்சா பொழைச்சுக்கலாம்னு இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. நான் ஒரு சொட்டு மருந்து கையால தொட்டதில்ல. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?

— பாத்திக்கு என்ன போடுற?

— கோழி எரு. வேற ஒண்ணும் போடுறதில்ல.

— கோழி என்ன திங்குது?

— இது ஒரு கேள்வியா? தீவனம்.

— தீவனம் தானியத்துல செய்றது. அந்தத் தானியத்தை எங்கேயோ எவரோ களை மருந்து அடிச்சு வளர்த்திருக்காங்க. கோழி திங்குது, மருந்து வயித்துல தங்கறதில்ல, எருவோட வெளியில வந்துடுது. அதை நீ பாத்தியில கொட்டிக் கிளறி விடுற. அந்த மூலைத் தொட்டி மேல இருக்கிற துணியை விலக்கு. எரு குவிச்சிருந்த இடத்து மண்ணு அதுதான்.

— அய்யய்யோ. பூச்சி மொய்ச்சதுல இலையே தெரியலையேடா.

— அதான் மூடி வெச்சேன்.

— செடி தேறலையே, தேறலையேன்னு நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

— யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க.

— எரு குடுக்கிற கோழிப் பண்ணைக்காரரையும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு என்ன தெரியும்? நல்ல மனுஷன். நான் தனியா ஆனதுலேருந்து வருஷா வருஷம் கேக்காமலே லாரியில கொண்டுவந்து வாசல்ல இறக்குறார். காசு நீட்டினா கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுறார்.

— நேத்து அவர் பண்ணைக்குப் போயிருந்தேன். எருவையும் ஒரு கை எடுத்துப் பார்த்துடலாம்னு.

— சொன்னதும் சங்கடப்பட்டாரா?

— பட்டார். ஆனா அவர் யாருக்கும் சும்மா எரு குடுக்கிறதில்லையாம்.

— எனக்குக் குடுக்கிறாரே.

— உனக்கும் சும்மா இல்ல அக்கா. உன் எருவுக்கு மாமாதான் காசு குடுக்கிறார், உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கார்.

— அப்படியா சங்கதி? அப்போ வேணும்னேதான் பண்ணியிருக்கார்! காத்துல அனுப்பினா மாட்டிக்குவோம்னு, லாரியில ஏத்தி என் வாசல்லயே கொட்டியிருக்கார்!

— மாமாவுக்கு என்ன தெரியும்? எனக்கே இந்தத் தொட்டிங்களை வெச்ச பிறகுதான் தெரியும். உன் தக்காளியில பூச்சி விழுந்திருக்குன்னு கேள்விப்பட்டு, இந்த வருஷம் ரெண்டு லாரியா இறக்கச் சொன்னாராம்.