மாயே கெரிக்குப் பிரெஞ்சிலை என்ன?

— பிரெஞ்சிலை சொல்லுங்கோ.

— அதைத்தானே சொன்னனான். மாயே கெரி.

— அது யப்பான். நான் யப்பானிலை கேக்கேல்லை.

— இஞ்சாரும் கோசலை, கராத்தேயிலை எல்லாத்துக்கும் யப்பான் பேர்தான். பிரான்சிலையும் அதுதான், பிரேசிலிலையும் அதுதான். முன்னாலை காலை நீட்டி உதைச்சா மாயே கெரி. ஆரும் மாத்தேலாது.

— அதை எனக்குச் சொல்லி என்ன? சோதினையிலை மேசைக்கு அங்காலை மூண்டு பிரெஞ்சுக்காரர் இருப்பினம். ‘மிசியூ யோகநாதன், எட்டு வயசுப் பிள்ளைக்கு இந்த உதையை எப்பிடி விளங்கப்படுத்துவியள்?’ எண்டு கேப்பினம். நீங்கள் திருப்பியும் மாயே கெரி எண்டுவியள். கெரி எண்டா பிரெஞ்சிலை வருத்தம் மாறிச் சுகம் வந்திட்டுது எண்டு அர்த்தம். ஆருக்கு ஐயா சுகம் வந்தது எண்டு கேக்கப்போறாங்கள்.

— கராத்தே தெரிஞ்ச ஆக்கள் அப்பிடிக் கேக்கமாட்டினம்.

— கேட்டா?

— ஓஸ் எண்டுவன்.

— ஓஸ் எண்டா?

— ஓம் எண்டு அர்த்தம். வணக்கம் எண்டும் வரும். விளங்கினது எண்டும் வரும்.

— நல்லாக் கிடக்கு. ‘உங்கடை பேர் என்ன?’ ஓஸ். ‘எத்தினை வருசமாப் படிப்பிக்கிறியள்?’ ஓஸ். சுப்பர்வைசரிட்டைக் கெஞ்சி லீவு எடுத்துக்கொண்டு, கூசேன்வில்லிலையிருந்து ரெயில் ஏறி வந்து, லா சப்பல் தேத்தண்ணிக் கடையிலை ஒன்றரை மணித்தியாலமா நான் இருக்கிறது இந்த ஓஸைக் கேக்கத்தான்.

— தேத்தண்ணி ஆறுது. குடியும்.

— கதையை மாத்தாதேங்கோ. அடுத்தது. யமே.

— நிப்பாட்டு.

— பிரெஞ்சிலை.

— ஸ்தொப்.

— அப்பாடா, ஒண்டு வந்திட்டுது.

— இங்கிலீசிலையும் அதுதானே.

— அப்ப அதாலைதான் வந்தது. சரி, இதை வசனமாச் சொல்லுங்கோ. ‘நான் யமே எண்டு சொன்னா, பிள்ளையள் உடனை நிக்கவேணும்.’ தொடங்குங்கோ.

— கான்... கான் ஜு...

— கான் ஜு டி யமே. பிறகு?

— லெ பிள்ளையள்...

— லெ பிள்ளையள். கடவுளே. லே ஸான்ஃபான் எண்டு எங்கடை சின்னவள் மூண்டு வயசிலை சொன்னவள்.

— அவள் இஞ்சை பிறந்தவள்.

— நீங்கள் இஞ்சை வந்து இருபத்தாறு வருசம். யப்பானுக்கு ஒருநாள் போனதில்லை. ஒரு யப்பான்காரன்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை. நூற்றுச் சொச்சம் யப்பான் சொல்லு கடகடவெண்டு வருது. இருக்கிற நாட்டுப் பாஷை மட்டும் தொண்டையிலை முள்ளு. எனக்கு உங்களோடை பத்திக்கொண்டு வருது.

— எனக்கு விளங்கும் கோசலை. கதைக்கத்தான் வராது.

— அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு என்ரை காது செத்துப்போச்சு. எண்ணுறதை எண்டாலும் பிரெஞ்சிலை எண்ணலாம்தானே, ஆன், தூ, த்ருவா எண்டு. அதுக்கும் யப்பான். யோகராணி அக்கா மோனைக் கொண்டுவந்து சேர்த்த அண்டைக்கே திருப்பிக் கூட்டிக்கொண்டு போட்டா. ஏனெண்டு தெரியுமே?

— பெடியனுக்கு முழங்கால் நோ எண்டு சொன்னவ.

— முழங்காலும் இல்லை, மண்ணும் இல்லை. நீங்கள் அவனுக்கு முன்னாலை நிண்டு ‘இச்சி, நீ, சான், சீ’ எண்டு கத்தினியளாம். ‘என்ரை பிள்ளையைப் பாத்து நீ, சீ எண்டு நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிறார் உன்ரை மனிசன்’ எண்டு ரெலிபோனிலை ஒரு மணித்தியாலம் என்னைத் திண்டவ.

— நி எண்டா ரெண்டு. சி எண்டா நாலு.

— அதை அவவுக்குச் சொல்லிச் சமாதானப்படுத்தினது ஆர்? நான். உங்கடை கணக்குக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். சிரிக்கிறியள் என்ன?

— இல்லை. நீர் கோவத்திலை எண்ணேக்கை நல்ல சத்தம் வருது. வகுப்புக்கு வரலாம்.

— வகுப்பு இருந்தாத்தானே வாறதுக்கு. டிப்ளோம் இல்லாத ஆளுக்குச் செத்தெம்பரிலையிருந்து வகுப்பு நடத்தச் சால் தரமாட்டம் எண்டு காயிதம் வந்திட்டுது. மறந்திட்டியளே? இண்டைக்கு இந்த வாய்ச் சோதினையிலை விட்டியள் எண்டா இருபத்தாறு பிள்ளையளும் வேறை ஆரிட்டையோ போகப்போகுதுகள். பியர்ஃபித்திலையிருந்து ரெண்டு பஸ் மாறி வாற அந்தப் பெட்டையும் போகப்போறாள்.

— தெரியும்.

— தெரிஞ்சும் இப்பிடி இருக்கிறியள்.

— கோசலை, ஆறு நாளும் நான் ரெஸ்ரோறண்ட் குசினியிலை வெங்காயம் உரிக்கிறன். என்ரை பேரே அங்கை ஒருத்தருக்கும் ஒழுங்காத் தெரியாது. சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம்தான் சின்னனுகள் குனிஞ்சு வணங்கி, சென்செய் எண்டு கூப்பிடுதுகள். வாத்தியார் எண்டு. அதை நான் விடமாட்டன்.

— அப்ப வாயைத் திறவுங்கோ. மா-ஆய்.

— சண்டை பிடிக்கிற ரெண்டு பேருக்கு நடுவிலை இருக்கவேண்டிய தூரம். கிட்டப் போனா அடி விழும். கனதூரம் போனா அது பிறகு சண்டையே இல்லை, ரெண்டு பேர் தனித்தனியாச் சும்மா நிக்கிறது.

— தமிழிலை எவ்வளவு வடிவாச் சொல்லுறியள். பிரெஞ்சிலை?

— டிஸ்தான்ஸ்.

— மிச்சம்?

— மிச்சம் வராது.

— ஆக்கினை. இது பெரிய ஆக்கினை. நான் ஒண்டு சொல்லுறன், காதிலை போடுங்கோ. இண்டைக்கு நீங்கள் பாஸ் எண்டா நான் கை கழுவிப்போடுவன். பிரிபெக்சர், பாங்க், டொக்டர், கறண்டுக்காறன், ஒரு ரந்தேவுக்கும் இனி என்னைக் கூப்பிடக்கூடாது. இந்த வருசம் மட்டும் ஒன்பது லீவு, எல்லாம் உங்கடை வாய்க்குப் போனது.

— ஒண்டுக்குமே வரமாட்டீரே?

— ஒண்டுக்கும் வரமாட்டன்.

— வாற மாசம் பிரிபெக்சரிலை விசாக் கார்த் மாத்தப் போகவேணும்.

— தனியப் போங்கோ. சோதினை பாஸ் பண்ணின ஆளுக்கு ஏன் துணை?

— ம்.

— என்ன, முகம் விழுந்துபோச்சு?

— ஒண்டுமில்லை. இன்னொரு தேத்தண்ணி சொல்லட்டே? ரோல்ஸ் சூடாக் கிடக்கு.

— எனக்கு ரோல்ஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சன்சின் எண்டா என்ன, அதைச் சொல்லுங்கோ.

— பொறும், பொறும். பிலிப் அண்ணை வாறார்.

— பொன்ஜூர் மதாம். பொன்ஜூர் யோகா. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா, நான் கார் து நோர் ஸ்டேஷன்லேர்ந்து ஒவ்வொரு கடையா எட்டிப் பாத்துக்கிட்டு வரேன். இன்னா மதாம், கையில நோட்டு?

— வாங்கோ பிலிப் அண்ணை. கிளப்புக்குத் தலைவர் நீங்கள், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ. யப்பான் சொல்லுகளுக்குப் பிரெஞ்சிலை விளக்கம் சொல்லப் பழக்குறன். ஒரு வசனம் ஏறுதில்லை.

— யாருக்கு?

— இவருக்குத்தான்.

— பிலிப் அண்ணை, நேரமாகுது. வெளிக்கிடுவம்.

— இரு யோகா, இன்னும் அரை மணி நேரம் இருக்கு. மதாம், தமாஷ் பண்றீங்களா?

— தமாஷோ? என்ரை தொண்டை வறண்டுபோச்சு. சன்சினுக்கு ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுத்தன்னும் வரட்டும் எண்டு கோயிலுக்கு நேத்தியே வைச்சிட்டன்.

— சன்சினுக்கா? போன மாசம் கராத்தே லீக்லேர்ந்து ஒரு மிசியூ கிளாஸ் பாக்க வந்தாரு. சண்டை முடிஞ்சப்புறமும் எதிராளி மேலேர்ந்து கண்ண எடுக்கக்கூடாது, அதான சன்சின். அந்த மிசியூ, அதுக்கு விஜிலான்ஸ்னு சொல்லிட்டுப் போயிடலாமேன்னாரு. நம்ம யோகா விடல. விஜிலான்ஸ்னா பயம் இருக்கு, இதுல பயம் கெடையாதுன்னு ஆரம்பிச்சு, கால் மணி நேரம் பேசினாரு மதாம். அந்த ஆளு பாக்கெட்லேர்ந்து பேனா எடுத்து எழுதிக்கிட்டாரு.

— எந்தப் பாஷையிலை கதைச்சவர்?

— பிரெஞ்சுலதான். வேற எதுல பேசுவாரு? நான் பாண்டிச்சேரி லிசேல படிச்சு, முப்பது வருஷம் மினிஸ்தேர்ல வேலை பாத்து ரித்ரெத் ஆனவன். எனக்கே அந்த மாதிரி வராது. பசங்களோட அம்மாங்க எல்லாம் சனிக்கிழமை இவரச் சுத்தி நின்னுக்கிட்டுப் பேசுவாங்க, நான்தான் வெளக்க அணைக்கணும்னு தொரத்துவேன். இன்னா யோகா, ஏன் கால மிதிக்கற?

— ஒண்டுமில்லை அண்ணை.

— நான் எதுனா தப்பா சொல்லிட்டனா மதாம்?

— இல்லை அண்ணை. நீங்கள் ஒரு பிழையும் சொல்லேல்லை. நீங்கள் ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ, இவர் இப்ப வருவார்.

— சரி மதாம். யோகா, பத்து நிமிஷம். அதுக்கு மேல தாங்காது.

— என்ன கோசலை, கொப்பியை மூடிப்போட்டீர்?

— நான் யமே எண்டு சொன்னா, பிள்ளையள் உடனை நிக்கவேணும். சொல்லுங்கோ.

— இப்ப என்னத்துக்கு அது?

— சொல்லுங்கோ.

— கான் ஜு டி யமே, லே ஸான்ஃபான் ஸரேத் தூ த் சுயித்.

— தூ த் சுயித். இது நான் சொல்லித் தந்ததில்லை.

— இல்லை.

— எவ்வளவு காலமா?

— ஆறேழு வருசம் இருக்கும். வேணுமெண்டு படிக்கேல்லை. ஒரு யப்பான் சொல்லைச் சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த நாலு பிரெஞ்சுச் சொல்லு வேணும். அதுகள் சொல்லித் தரும், நான் திருப்பிச் சொல்லுவன். அங்கை ஒருத்தரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறேல்லை கோசலை. அந்தச் சாலுக்கை பிரெஞ்சுக்காரப் பெடியனும் என்னை மாதிரித்தான், ஆற்றையோ பாஷையை வாய் கோணக் கோணச் சொல்லுறான். அப்பிடியே ஒட்டிப்போச்சு.

— ஒட்டிப்போச்சு. நல்லது. மூண்டு வருசத்துக்கு முன்னம் உங்கடை மூலவருத்தத்துக்கு டொக்டரிட்டைப் போனமே, ஞாபகமே?

— அதை விடும்.

— விடமாட்டன். என்ரை மகன் வயசுப் பெடியன் அவன். எங்கை நோகுது, இருக்கேக்கை நோகுதோ, ரத்தம் வருதோ எண்டு அவன் கேக்கக் கேக்க, வெக்கத்தைத் தூக்கி வைச்சிட்டு நான் சொன்னனான். நீங்கள் சுவரிலை இருந்த படத்தைப் பாத்துக்கொண்டு இருந்தியள். அண்டைக்கும் எல்லாம் விளங்கினது.

— விளங்கினது. நீர் ஒரு இடத்திலை பிழையாச் சொன்னனீர்.

— என்ன பிழை?

— மூண்டு நாளா எண்டு சொன்னனீர். மூண்டு கிழமை.

— என்னை இப்பிடிப் பேய்க்காட்டிப்போட்டு அதுக்கையும் பிழை பிடிக்கிறியள். இருபத்தாறு வருசமா உங்கடை வாயாத் திரிஞ்ச விசரி நான். பனியிலை விடியக் காலமை பிரிபெக்சர் வாசலிலை நிண்டனான். கறண்டுக்காறனோடை சண்டை பிடிச்சனான். நேற்றும் உந்தக் கொப்பியை வைச்சுக்கொண்டு நித்திரை தூங்கித் தூங்கி எழுதினனான். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கு அதுக்கு மறுமொழி வேணும்.

— பிலிப் அண்ணை வெளியிலை நிக்கிறார்.

— நிக்கட்டும். ஏன்?

— சொன்னா நீர் சிரிப்பீர்.

— நான் சிரிக்கிற நிலைமையிலையே இருக்கிறன்?

— நீர் விடிய நாலு மணிக்கு ரோசி எயார்போட்டுக்கு வேலைக்குப் போறீர். நான் வேலையாலை வர நீர் படுத்திடுவீர். ஞாயிறு சமையல், உடுப்பு, பிள்ளையள். ரந்தேவு எண்டாத்தான் லீவு போட்டு, நல்ல சட்டை போட்டு, என்ரை பக்கத்திலை வந்து இருக்கிறீர். புறுபுறுத்துக்கொண்டு எண்டாலும் இருக்கிறீர். இண்டைக்கும் ஒன்றரை மணித்தியாலம். எனக்குப் பிரெஞ்சு தெரியும் எண்டு சொன்னா நீர் ஏன் வரப்போறீர்?

— உங்கடை கொலர் மடிஞ்சு கிடக்கு. திரும்புங்கோ.

— சிரிக்கேல்லை, என்ன? திட்டெண்டாலும் திட்டும். நான் போகவேணும்.

— போங்கோ. போய் அவங்கடை வாயை அடைக்கிற மாதிரிக் கதைச்சுப் பாஸ் பண்ணிப்போட்டு வாங்கோ. வாற வியாழக்கிழமை எனக்குக் கண் டொக்டரிட்டை ரந்தேவு. எனக்குப் பிரெஞ்சு வராது, நீங்கள்தான் கூட வந்து கதைக்கவேணும்.