ஈவிரக்கமில்லாதவ

ஒரே ஒரு தோட்டத்துல ஈவிரக்கமே இல்லாத பொம்பள ஒருத்தி இருந்தாளாம். அப்படித்தானே இன்னும் கத சொல்லிக்கிறாங்க காப்பார் தோட்டத்துல? மழுப்பாத கன்னையா. உக்காரு அந்தப் பலகையில. ஒங்கப்பா கங்காணிக்கு உசுரு இழுத்துக்கிட்டு கெடக்குன்னு கிள்ளான்ல ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்திருக்க.

மண்ணக் கரைச்சு ஊத்துனீங்களா? பொன்ன ஒரசி? ம்... அதுக்கும் அடங்கலயா. யாரோ மனக்கொறையோட இருக்காங்க, அவங்க கையால ஒரு வாய் பால் ஊத்துனாத்தான் போவும்னு பூசாரி சொன்னாராக்கும். அதுக்கு நான் வரணும். வரலன்னா ஈவிரக்கமில்லாதவ.

அந்த வார்த்தைய யாரு மேல போடறதுன்னு நம்ம சனத்துக்கு நல்லாத் தெரியும்பா. குளிர் காய்ச்சல்ல சுருண்டு கெடந்த வேலாயுதத்த ஒங்கப்பா காலால தட்டி, விடியக்காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு எழுப்பி விட்டாரு. கங்காணி கண்டிப்பான மனுசன்னாங்க. கொட்டற மழையில பொம்பளைங்கள நிக்க வச்சாரு. தொரைக்குப் பதில் சொல்லணுமில்ல, பாவம்னாங்க. பாவமாம், அவரு.

இல்லப்பா, நான் வராதது அடிக்கோ வசவுக்கோ இல்ல. அது எல்லாரும் பட்டதுதான்.

புள்ள பெத்த ஒடம்பு ஆறறதுக்குள்ள என்னய ரப்பர் பால் வெட்டுக்கு அனுப்புனாரு. புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டாயில அது கத்தறது நான் நிக்கிற நெரை வரைக்கும் கேக்கும். ஓடிப்போய் பால் குடுத்துட்டு வரேன்னு கெஞ்சுவேன். வெட்டு முடியட்டும்பாரு. சீலையெல்லாம் நனைஞ்சு போவும். மாரு கட்டிக்கிட்டு நோவு தாங்காம கித்தா மரத்தடியில பீச்சி விடுவேன். தெனமும் அதே கததான். புள்ள சோந்து சோந்து, ஒரு நாள் கத்தறத நிறுத்திருச்சு. மண்ணுல வைக்கிறப்ப எனக்கு அழுவ வரல. அன்னிக்குத்தான் எனக்கு அந்தப் பேர வச்சாங்க.

புருசனா? எனக்கு ஏதுப்பா புருசன். அதத்தான் ஒருத்தரும் வாய் தொறந்து கேக்கலயே.

ஒனக்கு நெனவிருக்காது, பொடிப் பயலா இருந்த. கொட்டாய்க்கு வந்து தூளிய ஆட்டுவ. ஏன்க்கா, பாப்பாவுக்கும் என்ன மாதிரியே காது மடிஞ்சிருக்குன்னு கேப்ப. ஒனக்குக் கூடப் பொறந்தவன்னா இருக்காதா.

என்னப்பா, எந்திரிச்சிட்ட? என்னய வான்னு கூப்பிடலயா?

அந்தப் பக்கம் இல்ல கன்னையா, ஸ்டேசன் இந்தப் பக்கம்.